வானத்தைச் சூடாக்க எவ்வளவு ஆகும்?

பிரிட்டனில் ஒரு காஸ் ஃபயருக்கு இரண்டு விலை. ஒன்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். மற்றது, வேலை முடித்தவர் வேனில் ஏறிப் போன பிறகு உங்கள் வங்கிக் கணக்கில் தெரியும். இரண்டும் ஒரே சாமானின் விலைதான் என்று நம்புவதற்கு உங்களுக்குச் சில நாள் பிடிக்கும்.

யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருந்து படிப்பவர்களுக்கு முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் வீட்டுக் கூடத்தின் சுவர் நடுவே ஒரு மாடம் இருக்கும். ஒரு காலத்தில் அதில் நிலக்கரி எரிந்தது. மேலே கூரை வரை புகைபோக்கி. இப்போது மாடத்தில் நிலக்கரி கிடையாது. நிலக்கரி மாதிரி வார்த்த பீங்கான் கட்டிகள். அடியில் எரிவாயுச் சுடர். பொய் நிலக்கரி, மெய் நெருப்பு, மிக மெய்யான பில். வீடு முழுவதையும் சூடாக்கத் தனியாக பாய்லரும் அறைக்கு அறை ரேடியேட்டரும் இருக்கின்றன. அப்புறம் இது எதற்கு? அதை மட்டும் கேட்கக் கூடாது. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வீடு வாங்கிய நம்மவர்கள் வீட்டோடு சேர்த்து இதையும் வாங்கினார்கள். மேல்தட்டில் சரஸ்வதி படம், பக்கத்தில் பிள்ளையின் பட்டமளிப்புப் படம், கீழே நெருப்பு. கலைமகளுக்கு இவ்வளவு சூடு வேறெந்த நாட்டிலும் கிடைத்ததில்லை.

ஒரு நவம்பரில் அது பற்றாது. நவம்பரில்தான் பற்றாது, ஏனென்றால் ஜூனில் யாரும் பற்றவைத்துப் பார்ப்பதில்லை. அன்றைக்கு வேட்டை தொடங்குகிறது. வேட்டையாடப்படுவது நீங்கள்.

கடைக்குப் போகிறீர்கள். "499 பவுண்டிலிருந்து" என்று பலகை. அந்த 499 பவுண்டுச் சாமான் எங்கே என்று தேட வேண்டும். கடையின் பின்மூலையில், விளக்கு விழாத இடத்தில், வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும். விற்பனையாளர் அதைக் கைநீட்டிக் காட்டுவார், அனுதாபத்தோடு. "இது வாடகைக்கு விடுற வீடுகளுக்குப் போடுறது சார்." உங்களை அவர் வீட்டுக்காரர் என்று மதிக்கிறார், நீங்கள் நிமிர்கிறீர்கள். நிமிர்ந்த மனிதரை 1,800 பவுண்டு பக்கம் நடத்திப் போவது சுலபம். அங்கே கண்ணாடி இருக்கிறது, ரிமோட் இருக்கிறது. சுடரின் உயரத்தைச் சோபாவில் சாய்ந்தபடியே கூட்டலாம், குறைக்கலாம். எழுந்து மூன்றடி நடந்தால் வரக்கூடிய சூட்டைத் தவிர்க்க அத்தனை தொழில்நுட்பம்.

பிறகு சர்வேக்கு ஆள் வருவார். டார்ச் அடித்துப் புகைபோக்கிக்குள் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலுக்கு விலை உண்டு. சிம்னியைத் துடைக்க வேண்டும். துடைத்தால் போதாது, உள்ளே லைனர் என்ற குழாயை இறக்க வேண்டும். இறக்கினால் உச்சியில் அதற்குத் தொப்பி வைக்க வேண்டும். தொப்பி வைக்கக் கூரையில் ஏற வேண்டும். மாடம் அளவு போதாது, இடிக்க வேண்டும். இடித்தால் பூச வேண்டும். பூசுகிறவர் வேறு ஆள். பெயின்ட் அடிக்கிறவர் இன்னொரு ஆள். முன்னால் உள்ள கல்மேடை புதிய சாமானுக்குச் சரிவராது. காஸ் குழாய் மெலிசு. சில வகைகளுக்குச் சுவரில் துளை போட்டு, மூட முடியாதபடி வலை வைக்க வேண்டும். புரிகிறதா? அறையைச் சூடாக்க ஒரு சாமான் வாங்குகிறீர்கள். அது பாதுகாப்பாக எரிய வேண்டுமானால் வெளிக்குளிர் உள்ளே வர நிரந்தர வழி விட வேண்டும். துளைக்கும் காசு உங்களுடையதுதான். எல்லாவற்றின் மேலும் 20 சதவீதம் வாட் வரி. துளைக்கும் வரி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார்கள். அவர்கள் காலத்தில் சுமைகூலிக்கு வாட் இல்லை.

499 என்று புறப்பட்டது 2,400-இல் வந்து நிற்கும். வாய் திறந்து ஏன் என்று கேட்டால் ஒரே பதில். "உங்கள் பாதுகாப்புக்காக."

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாதுகாப்பு என்பது பொய் இல்லை. காற்று போதாமலோ புகைவழி அடைபட்டோ எரிவாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலிக்கிறது என்று படுப்பவர் எழுந்திருக்காமல் போகலாம். அதனால்தான் பதிவு பெறாதவர் காஸ் வேலையில் கை வைக்கக் கூடாது என்று சட்டம். 2009 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் அந்தப் பதிவேட்டுக்குப் பெயர் காஸ் சேஃப். அதற்கு முன்னால் கார்கி. வருகிறவரிடம் அட்டை இருக்கும். முன்பக்கம் படம், எண், காலாவதித் தேதி. பின்பக்கம்தான் முக்கியம். எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்ய அவருக்குத் தகுதி என்று அங்கே எழுதியிருக்கும். பாய்லருக்குத் தகுதி பெற்றவர் ஃபயருக்கும் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. நம்மில் எத்தனை பேர் அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம்? தேநீரா காப்பியா என்று கேட்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

ஆகவே ஆபத்து என்று சிவப்புச் சீட்டு ஒட்டுகிற பொறியாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் அவர் சொல்வது சரி. அவர் தடுத்த மரணங்கள் செய்தித்தாளில் வருவதில்லை. என் கோபம் ஒரு கையில் சிவப்புச் சீட்டும் மறு கையில் விலைப்பட்டியலும் வைத்துக்கொண்டு நிற்பவர்மேல். நோயைச் சொல்கிறவரே சவப்பெட்டிக் கடையும் வைத்திருந்தால் நாம் எச்சரிக்கையாக இருக்க மாட்டோமா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா. கணவர் இல்லை. பிள்ளைகள் தூரத்தில். காஸ் ஃபயரைப் பார்க்க வந்தவர், பின்னால் குப்பை, புகை மேலே இழுபடவில்லை என்றார். உண்மை. இணைப்பைத் துண்டித்தார். அதுவும் சரி. அடுத்த நிமிடம் பையிலிருந்து பட்டியல் வந்தது. மூவாயிரம் பவுண்டுக்குக் கிட்ட. இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி.

"தம்பி, அவர் அந்தச் சிவப்பை ஒட்டின உடனேயே எனக்குக் கை நடுங்கத் துவங்கீட்டுது. பேனையைத் தந்திருந்தா போட்டிருப்பன். நல்ல காலம், கண்ணாடியைக் காணேல்ல" என்றார் அக்கா.

மூக்குக்கண்ணாடி தொலைந்ததால் மிச்சமான தொகை அது. பிறகு பதிவு பெற்ற வேறொருவர் வந்தார். புகைபோக்கியின் அடியில் பல வருடம் உதிர்ந்த செங்கல் துண்டும் கரியும் பறவைக் கூட்டின் மிச்சமும். அள்ளி எடுத்தார். புகைக்குச்சி கொளுத்திக் கணப்பின் வாயில் பிடித்துப் பார்த்தார். புகை மேலே போயிற்று. சர்வீஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு போனார். பற்றாமல் நின்றுபோகும் ஃபயர்களிலும் பல நேரம் இப்படித்தான். குற்றவாளி தூசி அடைத்த பைலட் என்ற பற்றவைப்புச் சுடர்வாயாக இருக்கும், அல்லது தெர்மோகப்பிள் என்ற சின்னக் கம்பியாக இருக்கும். ஆனால் "பார்ட்ஸ் வராது" என்ற இரண்டு சொல்லில் எத்தனை நல்ல இரும்பு குப்பைக்குப் போயிருக்கிறது!

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றே வைப்போம். என்ன கணக்கில் மாற்றுவது? கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. எரிகிற காசில் எவ்வளவு அறைக்குள் நிற்கிறது?

திறந்த மாடத்தில் பீங்கான் கரியை வைத்து எரிக்கிற அலங்கார ஃபயரில், எரியும் வெப்பத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் அறைக்கு. மிச்சம் 80 புகைபோக்கி வழியே இங்கிலாந்தின் வானத்துக்கு. அந்த வானம் இத்தனை வருடம் வாங்கியும் இன்னும் சூடாகவில்லை. போகிற போக்கில் ரேடியேட்டர் காசு செலவழித்துச் சூடாக்கிய காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. தொழிலில் இதற்குப் பெயரே அலங்கார ஃபயர்தான். அவர்கள் மறைக்கவில்லை. நாம்தான் அலங்காரத்தை அணைத்துக்கொண்டு குளிர் காய்ந்தோம்.

காகிதத்தை எடுங்கள். இப்படிப்பட்ட ஒரு ஃபயர் முழு வேகத்தில் மணிக்கு 6.8 யூனிட் (கிலோவாட்-மணி) எரிக்கும் என்று வையுங்கள். அறைக்கு வருவது 1.4-க்குக் குறைவு. 2025 கடைசியில் விலை உச்சவரம்பின்படி எரிவாயு யூனிட் 6 பென்ஸுக்குச் சற்று மேல். ஆக, மணிக்கு 43 பென்ஸ் அளவில் எரிகிறது. அதே வெப்பத்தை மின்சாரத்தில் வாங்கினால்? மின்சாரம் யூனிட் 26 பென்ஸ். காஸைவிட நான்கு மடங்கு. அப்படியும் மணிக்கு 36 பென்ஸ்தான் வருகிறது. சூப்பர்மார்க்கெட்டில் இருபது பவுண்டுக்கு விற்கிற, பார்க்கச் சகிக்காத, இரைச்சல் போடுகிற பிளாஸ்டிக் விசிறி ஹீட்டர், உங்கள் பளிங்கு மேடைக் கணப்பைவிட மலிவாகச் சூடாக்குகிறது. பிரிட்டனின் மிக விலை உயர்ந்த எரிபொருள் மிக மலிவான எரிபொருளை அடித்துவிட்டது. பளிங்குக்கு வெட்கமில்லை.

இப்போது கடைக்காரர் குறுக்கிடுவார். "அதனால்தான் சார் கண்ணாடி போட்டதை வாங்கச் சொல்றோம்." நியாயம். மூடிய கண்ணாடி ஃபயர்களில் 80 சதவீதமும் அதற்கு மேலும் அறைக்கு வரும். மாலையில் 3 மணி நேரம், குளிர்காலத்தில் 150 நாள் என்று போடுங்கள். பழசில் வருடத்துக்கு 190 பவுண்டுச் சொச்சம் எரிந்த இடத்தில், அதே வெப்பத்துக்குப் புதியதில் 50 போதும். வருடம் 140 பவுண்டுக்கு மேல் மிச்சம். பிரமாதம். போட்ட 2,400 திரும்பி வர ஏறக்குறைய 17 வருடம். அதற்குள் இதுவும் ஒரு நவம்பரைப் பார்த்துவிடும். பார்ட்ஸ் வராது.

ஆனால் அந்த மிச்சத்தைப் பெற இன்னொரு வழி இருக்கிறது. அதே அறையில், சோபாவுக்குப் பின்னால், காசு கொடுத்து ஏற்கெனவே வாங்கிய ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. நல்ல பாய்லர் எரிவாயுவின் வெப்பத்தில் 85, 90 சதவீதத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடும். குமிழைத் திருப்பினால் போதும். கிடைக்கும் சேமிப்பு ஏறக்குறைய அதேதான். முதலீடு: இரண்டு விரல்.

இந்தக் கொட்டேஷனை உங்களுக்கு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

கடைக்காரரையாவது புரிந்துகொள்ளலாம். அவர் விற்கப் பிறந்தவர். கணக்குச் சொல்ல வேண்டியவர் இன்னொருவர். நம்மிடம் வரி வாங்குகிறவர். அவருக்கு இது தெரியாதா? ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது.

1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து ஐந்து நாள் லண்டனை மூடின. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையற்ற பகுதியென்று அறிவித்த இடங்களில் வீட்டுக்காரர் கணப்பை மாற்றினால், செலவில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் பொதுப் பணத்திலிருந்து வந்தது. கரி போய் காஸ் வந்த கதை அங்கேதான் வேகம் பிடித்தது. அடுத்து 1967-இலிருந்து 1977 வரை வடகடல் எரிவாயுவுக்காக நாடு முழுக்க அடுப்பையும் ஃபயரையும் தெருத் தெருவாக, வீடு வீடாக மாற்றினார்கள். சுமார் 4 கோடிச் சாதனங்கள். பொதுத்துறை அனுப்பிய ஆட்கள் கதவைத் தட்டி வந்து, வேலை செய்து, கட்டணம் கேட்காமல் போனார்கள். இணையதளம் இல்லை. ஆப் இல்லை. அதனால்தான் நடந்ததோ என்னவோ.

1986-இல் அந்தப் பொதுத்துறை நிறுவனமான பிரிட்டிஷ் காஸை விற்றார்கள். பங்கு விற்பனை வரப்போவதைச் சிட் என்பவரிடம் சொல்லுங்கள் என்று விளம்பரம். நாடே சிட்டைத் தேடியது. சிட்டுக்குப் பங்கு கிடைத்தது. சிட்டின் பேத்திக்கு பில் கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த திட்டங்களைக் கேளுங்கள். 2013-இல் கிரீன் டீல். கடன் வாங்கி வீட்டைச் செப்பனிடுங்கள், சேமிப்பில் கடனைக் கட்டுங்கள் என்றார்கள். எடுத்தவர்கள் 14,000 குடும்பங்கள். ஒரு கடனுக்கு மக்கள் வரிப்பணம் 17,000 பவுண்டு செலவாகியது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2016-இல் கணக்குக் காட்டியது. கடனில் கொடுத்த தொகை என்று நினைத்துவிடாதீர்கள். திட்டத்துக்கு ஆன செலவு. அந்தக் காசில் வீட்டுக்கு ஏழு காஸ் ஃபயர் இனாமாகக் கொடுத்திருக்கலாம். சமையலறையிலும் குளியலறையிலும்கூட வைத்திருக்கலாம்.

2020 செப்டம்பரில் கிரீன் ஹோம்ஸ் கிராண்ட். 150 கோடி பவுண்டு, 6 லட்சம் வீடுகள் என்று முழக்கம். ஆறே மாதத்தில் இழுத்து மூடினார்கள். கடைசியில் 47,500 வீடுகளுக்குத்தான் என்று மதிப்பிட்டது அதே தணிக்கை அலுவலகம். 31 கோடி பவுண்டுக்கு மேல் செலவில் 5 கோடி நிர்வாகத்துக்கு. ஒரு வீட்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல், ஒரு ஜன்னலைக்கூடத் தொடாமல், விண்ணப்பப் படிவத்தைச் சூடாக்குவதற்கு மட்டும் போயிற்று. நம் அலங்கார ஃபயராவது ஐந்தில் ஒரு பங்கை அறைக்குத் தருகிறது.

மூன்றாவது இன்னும் விசேஷம். மின்சார, காஸ் நிறுவனங்கள் மூலம், நம் எல்லோருடைய பில்லிலும் காசு எடுத்து, ஏழைகள் வீட்டுச் சுவருக்குக் குளிர்க்காப்புப் போர்த்தும் திட்டம். 2025 அக்டோபரில் தணிக்கை அறிக்கை வந்தது. வெளிச்சுவரில் போர்த்திய வீடுகளில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறை உள்ளவை 98 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. நம் வீடுகளில் பிள்ளை 98 வாங்கி வந்தால் மீதி இரண்டு எங்கே என்று கேட்போம். இங்கேயும் கேட்க வேண்டியதுதான். அந்த இரண்டு எப்படித் தப்பியது? குளிருக்குப் போர்த்தினார்கள், சுவரில் ஈரமும் பூஞ்சையும் வந்த வீடுகள் உண்டு.

சரி, காஸே வேண்டாம், ஹீட் பம்புக்கு மாறுங்கள் என்கிறார்கள். அதற்கு வாட் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம் உண்டு, 2023 அக்டோபரிலிருந்து. நல்லது. மீதி ஆயிரங்களை யார் கொடுப்பது என்பது ஒன்று. அதைவிட, பசுமைத் திட்டங்களுக்கான சுமையில் பெரும்பங்கைப் பல வருடம் மின்சார பில்லின் தலையிலேயே ஏற்றி வைத்தார்கள். காஸை விடு, மின்சாரத்துக்கு வா என்று ஒரு வாய். மின்சாரத்துக்கு வந்தால் நான்கு மடங்கு என்று இன்னொரு வாய். இரண்டும் ஒரே அமைச்சரவையின் வாய். நடுவில் ஹைட்ரஜன் வரும், பாய்லரை மாற்றவே வேண்டாம் என்று மூன்றாவது வாய். ஊரோடு ஹைட்ரஜனுக்கு மாற்றிப் பார்க்கிறோம் என்று விட்பியையும் ரெட்காரையும் குறித்தார்கள். 2023-க்குள்ளேயே இரண்டையும் கைவிட்டார்கள். விட்பி மக்கள் எங்கள் வீடு பரிசோதனைக் கூடமா என்று கேட்டுவிட்டார்கள். கேட்கத் தெரிந்த ஊர்.

இத்தனை குளிரிலும் சிலருக்கு மட்டும் கணக்கு நேராக வந்தது. லண்டனுக்கு வெளியே தொகுதி உள்ள நாடாளுமன்ற உறுப்பினர், வேலைக்காக வைத்திருக்கும் இரண்டாம் இருப்பிடத்தின் எரிபொருள் செலவைப் பொதுப் பணத்தில் கேட்கலாம். விதி அப்படி. 2013-இல் ஸ்ட்ராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் உறுப்பினர் நதிம் சஹாவி கேட்ட தொகையில் அவருடைய குதிரை லாயத்தின் மின்சாரமும் சேர்ந்திருந்தது. தவறுதலாக நடந்தது என்று மன்னிப்புக் கேட்டார், திருப்பிக் கட்டினார். 2022-இல் இரண்டு மாதம் நாட்டின் நிதியமைச்சராகவும் இருந்தார். குதிரையின் குளிர் அறிந்தவரிடம் கஜானாவை ஒப்படைத்ததில் ஒரு நீதி இருக்கத்தான் செய்கிறது.

குதிரை இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது? 2023 பிப்ரவரியில் டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்தியது. பில் பாக்கி என்று பிரிட்டிஷ் காஸ் சார்பில் போன கடன் வசூல் ஆட்கள், நலிந்தவர்களின் வீடுகளுக்குள் நீதிமன்ற ஆணையோடு பூட்டைத் திறந்து நுழைந்து, காசு போட்டால்தான் எரியும் மீட்டரைப் பொருத்தினார்கள். நோயாளி வீடு, குழந்தை இருக்கும் வீடு என்ற பேதம் இல்லை. சமத்துவம். அதே மாதம் தாய் நிறுவனமான சென்ட்ரிகா தன் 2022 லாபத்தை அறிவித்தது: 330 கோடி பவுண்டு. குளிர் எல்லோருக்கும் பொது என்பார்கள். நம்பாதீர்கள்.

2024 ஜூலையில் புதிய அரசு வந்தது. வந்ததும் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் கை வைத்த முதல் இடங்களில் ஒன்று ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவி. வீட்டுக்கு 200 அல்லது 300 பவுண்டு. சுமார் ஒரு கோடிப் பேருக்கு நிறுத்தினார்கள். வருடம் திரும்புவதற்குள், 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்குத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். நடுவே ஒரு குளிர்காலம் போயிற்று. அதைத் திருப்பித் தரும் படிவம் இன்னும் அச்சாகவில்லை.

எங்கள் தெரு அக்கா காஸ் ஃபயரின் ஒரு பக்கத்தை மட்டும் எரிய விட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். வீடு முழுவதும் ஹீட்டிங் போட்டால் காசு என்பார். ஒரு அறையில் இருப்பவருக்கு ஒரு அறையைச் சூடாக்கினால் போதும் என்ற அவருடைய புத்தி சரி. அதற்கு வாய்த்த கருவிதான் தவறு. மற்ற அறைகளின் ரேடியேட்டர் குமிழைக் குறைத்துவிட்டு இந்த அறையில் மட்டும் திறந்தால் அதே காரியம் கால் பங்குக்கும் குறைந்த எரிவாயுவில் ஆகும். இதை அவருக்கு எந்த அமைச்சகமும் சொல்லவில்லை. நான்கு திட்டம், ஐந்து அமைச்சர், ஆறு இணையதளம். ரேடியேட்டரின் அடியில் உள்ள குமிழைக் காட்ட ஓர் ஆள் இல்லை.

நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவது சுகம். அதை மறுக்க நான் வரவில்லை. சுகத்துக்கு 2,400 கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். ஓவியம் வாங்குகிற கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், சேமிப்பு என்ற கணக்கில் எழுத வேண்டாம். வீட்டில் தனி பாய்லர் இல்லை, ஃபயருக்குப் பின்னால் பழைய பேக் பாய்லர்தான் ஒளிந்திருக்கிறது என்றால் அது வேறு வழக்கு. அங்கே மாற்ற வேண்டியது வெந்நீரும் ஹீட்டிங்கும் முழுவதுமாக. அந்தக் காசை அலங்காரத்தில் கரைக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பரில், உதடு பிதுக்குகிறவர் முன்னால், கை நடுங்கக் கையெழுத்துப் போடாதீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பட்டியல் கொண்டுவராத இன்னொருவரைக் கூப்பிட்டுப் பழுது பார்க்க எவ்வளவு என்று கேளுங்கள். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி கேளுங்கள்: "இதைக் கழற்றிவிட்டு, குழாயைப் பாதுகாப்பாக மூடி, புகைபோக்கியில் ஈரம் தங்காமல் காற்றுவழி வைக்க எவ்வளவு?" பெரும்பாலான வீடுகளில் அது ஒரு நாளைக்குள் முடிகிற வேலை. கடையில் மூலையில் ஒளித்து வைத்த அந்த 499-ஐவிட மலிவு. நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.